17.86 கிராம்

786
ஷார்ஜா
9 ஆகஸ்ட் 2025

மணி,

ஏழு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்க்கிறாய். கிழித்துப் போடத் தோன்றும். படித்துவிட்டுக் கிழி, நான் என்ன கேட்கவா போகிறேன்?

இதைக் கொண்டுவந்து தருபவர் ரூமானா அக்கா. எங்களுக்கு மேல் மாடி. லீவுக்கு அறந்தாங்கி வருகிறார், புதுக்கோட்டையில் இறங்கி உன் லேபைத் தேடி உன் கையிலேயே கொடுப்பதாகச் சொன்னார். உன் லேப் போன் நம்பர் எங்கள் மண் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் போனில் பேசினால் நான் கத்திவிடுவேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் இவர் பார்ப்பார். எங்கள் வீட்டில் இரண்டு போனும் எல்லார் கையிலும் கிடக்கும். இவர் பார்த்தால் அடுத்த நிமிஷம் உன் முதலாளிக்குப் போன் போகும். அது இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் காகிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் கணவர் ராஜா முகமது இங்கே பன்னிரண்டு வருஷமாக ஏசி மெக்கானிக். அறந்தாங்கிக்கு வெளியே மனை வாங்கி இப்போதுதான் வீடு ஆரம்பிக்கிறோம். அங்கே எல்லாம் பார்த்துக்கொள்பவர் என் மாமனார் ஜைனுதீன் மாமா. எஞ்சினியர் மண் பரிசோதனை கேட்டார், மாமா உங்கள் லேபில் கொடுத்தார். நீ அங்கே வேலை பார்ப்பது எனக்கே தெரியாது. ரிப்போர்ட் வந்ததும் இவர் போனை என் பக்கம் நீட்டி, "ஒன் படிப்புத்தானே, நீயே பாரு" என்றார். சிவில் டிப்ளமோ முடித்த பிறகு என் படிப்புக்கு வந்த முதல் வேலை அது. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். எத்தனை சந்தோஷமாக உட்கார்ந்தேன் என்று உனக்குச் சொன்னால் சிரிப்பாய்.

ஏழாம் பக்கம் வரை சந்தோஷம்தான். அங்கே லிக்விட் லிமிட் அட்டவணை, கீழே "சோதித்தவர்: ச. மணிமேகலை". உன் பெயரை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு எண்களைப் பார்த்தேன்.

நீ மறந்திருப்பாய் என்று இதைச் சொல்லவில்லை; நான் மறக்கவில்லை என்று காட்டத்தான் சொல்கிறேன். எவ்வளவு தண்ணீர் சேர்ந்தால் மண் கூழாகி ஓடத் தொடங்கும் என்று பார்ப்பது அந்தச் சோதனை. நாலு விதமாகக் குழைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துச் சின்ன அலுமினிய டப்பாவில் வைத்து எடை போட வேண்டும். ஓவனில் ஒரு முழு நாள் காயவைத்து மறுபடி எடை போட வேண்டும். குறைந்தது தண்ணீர். அதற்காக முதலில் வெற்று டப்பாவின் எடையை எழுதிக்கொள்வோம். உன் அட்டவணையில் மூன்றாம் டப்பாவின் வெற்று எடை 17.86 கிராம். நாலாவது 19.07.

மணி, 1786 என் வாப்பாவின் மொபெட் நம்பர். 786இல் முடிகிற நம்பர்தான் வேண்டும் என்று ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நாலு முறை நடந்து வாங்கினார். 19.07 என் பிறந்தநாள். கரண்ட் இல்லாத அந்த மத்தியானம், காலேஜ் லேபில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் நான் கற்பனையாக எழுதிய எண்கள் அவை. என் நோட்டைப் பார்த்து நீ எழுதினாய். எண் எங்கிருந்து வந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. இன்று அது எங்கள் மனை மண்ணின் ரிப்போர்ட்டில் இருக்கிறது. வரைபடத்திலும் நாலு புள்ளி நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் நிற்கின்றன. மண் அப்படி நிற்காது.

மீலாது கழிந்த அடுத்த வெள்ளி, செப்டம்பர் 12, அடித்தளத்துக்குக் கான்கிரீட். துஆ ஓத ஆலிம்சாவிடம் சொல்லியாகிவிட்டது. ஒரே கேள்வி: எங்கள் மண்ணை நீ சோதித்தாயா?

பதிலைக் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து என் பழைய காலேஜ் மெயிலுக்கு அனுப்பு. அதை நான் மட்டும்தான் திறப்பேன், இனி நானும் அதிலிருந்தே அனுப்புகிறேன். தப்பு வந்தால் அழிக்காதே. லேபில் சொல்லித்தருவார்களே, தப்பான ரீடிங்கை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று. அப்படியே எழுது.

ஹுமா


உ
புதுக்கோட்டை
16 ஆகஸ்ட் 2025

திருமதி ஹுமா ராஜா முகமது அவர்களுக்கு,

தங்கள் கடிதம் ரூமானா என்பவர் மூலம் கிடைத்தது. எங்கள் பரிசோதனைக்கூடத்தின் அறிக்கைகள் உரிய முறைப்படி

மேலே உள்ளதை ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

இல்லை. உங்கள் மண்ணை நான் சோதிக்கவில்லை.

ஜூன் கடைசியில் எங்கள் ஓவனின் சூடேற்றும் காயில் எரிந்துபோனது. புதிது வரப் பத்து நாள் என்றார்கள். உன் மாமனார் தினமும் காலையில் போன் செய்தார், மரியாதையாகத்தான் கேட்டார். முதலாளி ஆத்மநாதன் சார், திங்கட்கிழமை ரிப்போர்ட் போயாக வேண்டும், எப்படியாவது பார் என்றார். அந்த "எப்படியாவது" என்ன என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. துளை போடும் நாகராசு கொண்டுவந்த பைகள் மூலையில் கிடந்தன. மேல்பையில் நல்ல செம்மண். ஐந்தடி ஆழத்துப் பையை நான் அவிழ்க்கவே இல்லை. செம்மண்ணுக்குப் பொருந்துகிற எண்கள் எங்கே இருக்கும் என்று யோசித்தேன். என் மேஜை டிராயரில் நம் ரெக்கார்டு இருந்தது.

ஏன் இன்னும் வைத்திருந்தேன் என்று கேட்பாய். அந்த நோட்டால் ஃபெயில் ஆனவள் நான். தூக்கிப் போட மனசு வரவில்லை.

இப்போது நான் பேசுகிறேன், நீ கேள். அன்று லேபில், "வேண்டாம் ஹுமா, கரண்ட் வந்ததும் வைக்கலாம்" என்றேன். நாளைக்கு சப்மிஷன் என்று நீதான் பேனாவை எடுத்தாய். வைவாவுக்குக் கடைசி நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள், நான் முதலில் போனேன். வெளியூரிலிருந்து வந்த அந்த எக்ஸ்டர்னல் கேட்டது ஒரே கேள்வி: "சாம்பிள் எத்தனை மணி நேரம் ஓவன்ல இருந்துச்சு?" நான் வைக்கவே இல்லை என்று சொன்னேன். ரெக்கார்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டார். அரை மணி கழித்து நீ போனாய். "இருபத்தி நாலு மணி நேரம் சார்" என்றாய். உனக்குத் தொண்ணூற்று நாலு. எனக்கு அக்டோபரில் மறுபடி பரீட்சை. சென்னையில் கிடைத்திருந்த வேலை அதற்குள் போய்விட்டது.

உண்மையைச் சொல்லிக் கெட்டவள் நான். பொய் சொல்லிப் பாஸானவள் ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கேள்வித்தாள் அனுப்புகிறாள். இதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் ரெண்டு நாள் எழுதவே முடியவில்லை.

மூன்றாம் நாள் அந்த ஐந்தடிப் பையை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே இருப்பது கறுப்புக் களி.

மணிமேகலை


786
ஷார்ஜா
18 ஆகஸ்ட் 2025

மணி,

கறுப்புக் களி என்று எழுதியிருக்கிறாய். நீ மற்றதெல்லாம் எழுதியிருந்தாய், நான் முதலில் அந்த வரியைத்தான் நாலு முறை படித்தேன். மன்னித்துக்கொள், நான் அப்படித்தான், என் வீடுதான் எனக்கு முதலில் தெரிகிறது.

மனை விற்றவர் அது மேட்டு நிலம், செம்மண் பூமி என்று சொன்னாராம். மாமாவும் கையில் அள்ளிப் பார்த்தாராம். மேலே செம்மண், கீழே களி என்றால் யாரோ வயலில் கிராவல் செம்மண் அடித்து மேடாக்கி விற்றிருக்கிறார்கள். எங்கள் எஞ்சினியர் உன் ரிப்போர்ட்டை நம்பி ஐந்தடியில் சாதாரண ஃபுட்டிங் அடித்தளம் என்று பிளான் போட்டிருக்கிறார். களியின் தலையிலேயே கொண்டுபோய் வீட்டை உட்காரவைக்கப் போகிறோம். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். வீட்டை வருஷத்துக்கு ஒரு தடவை தூக்கித் தூக்கி வைக்கும்.

வைவா பற்றி நீ எழுதியதற்கு என்னால் இப்போது பதில் எழுத முடியவில்லை. எழுத வேண்டும் என்று தெரியும். கொஞ்சம் நாள் கொடு.

இப்போதைக்கு ஒன்று கேட்கிறேன். மறுபடி ஒரு முறை நீயே போய் மண் எடுத்துச் சோதித்துப் புது ரிப்போர்ட் கொடுத்துவிடு. இவருக்கும் மாமாவுக்கும் பழைய கதை தெரிய வேண்டாம். உன் வேலைக்கும் ஆபத்து வராது. சத்தமில்லாமல் முடித்துவிடலாம்.

ஹுமா


உ
புதுக்கோட்டை
27 ஆகஸ்ட் 2025

ஹுமா,

போனேன். போன புதன்கிழமை காலை அறந்தாங்கி பஸ்ஸில் போய் இறங்கி, நாகராசுவோடு உங்கள் மனையில் மூன்று இடத்தில் துளை போட்டோம். மூன்றடி வரை கிராவல். அதற்குக் கீழே கறுப்பு. பத்தடியில்தான் கெட்டியான மொரம்புச் சரளை. பையில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கையால் உருட்டிப் பார்த்தேன். நூல் மாதிரி உருண்டது, உடையவே இல்லை. ஒரு செடிகூட இல்லாத அந்த மனையின் ஓரத்தில் வாய்க்கால் வரப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஜூனில் நான் ஒரு நடை வந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும்.

உன் மாமனார் சைக்கிளில் வந்தார். வெயிலில் நிற்கிறேன் என்று குடையை விரித்து என் கையில் கொடுத்தார். "நீங்களே வந்தது நல்லதும்மா. ஆனா முதல்ல எடுத்த மண்ணு என்னாச்சு?" என்று கேட்டார். சோதனைக்கு அது பத்தவில்லை என்று சொன்னேன். நம்பிவிட்டார். டீ வாங்கிவர ஆளை அனுப்பினார். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். நீ சத்தமில்லாமல் என்று எழுதியபோது சுலபமாகத்தான் தெரிந்தது.

சோதனை முடிந்தது. எங்கள் லேப் டப்பாக்களை நானே எடை போட்டேன்: 21.44, 20.92, 22.10, 21.67. ஓவனில் சரியாக ஒரு நாள். லிக்விட் லிமிட் 68. பழைய ரிப்போர்ட்டில் 36 என்று இருந்தது. புள்ளிகளில் மூன்றாவது மட்டும் கோட்டுக்குக் கீழே தள்ளி நிற்கிறது. மேலே இழுத்துவைக்கவில்லை.

ரெண்டு குடுவையில் பத்துப் பத்துக் கிராம் உலர்ந்த களி போட்டு, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிற சோதனை நினைவிருக்கும். மண்ணெண்ணெய்க்கு ஊரெல்லாம் அலைந்தேன், இப்போது யார் வைத்திருக்கிறார்கள்? கடைசியில் ஸ்டவ் ரிப்பேர்க் கடையில் கிடைத்தது. மறுநாள் பார்த்தால் மண்ணெண்ணெயில் களி பதினோரு மில்லியிலேயே கிடந்தது. தண்ணீரில் இருபத்தொன்றுக்கு ஏறியிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உன் வீட்டுக்கு அடியில் இதுதான் இருக்கிறது.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆத்மநாதன் சாரிடம் போனேன். ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒரே மனைக்கு ரெண்டு ரிப்போர்ட் குடுத்தா நாளைக்கு எவன் நம்ம சீலை மதிப்பான்?" என்றார். மனைக்காரர் எழுத்தில் கேட்டால் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார். கேட்க வேண்டியவர் உன் கணவர். அவர் கேட்க வேண்டுமென்றால் நீ சொல்லியாக வேண்டும். பன்னிரண்டாம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள்தான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், எழுதாமல் தூக்கம் வரவில்லை. அந்த ரெக்கார்டை நான் எடுத்தது இது முதல் முறை இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன் ஆவூரில் ஒரு வீடு. இன்னாசி என்று ஒருவர், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அப்போதும் அவசரம், அப்போதும் உன் எண்கள். அந்த வீடு கட்டிக் குடியேறியும் ஆகிவிட்டது.

மணி


786
ஷார்ஜா
31 ஆகஸ்ட் 2025

மணி,

சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து இவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். உன் ஓவன் எரிந்தது, பை அவிழ்க்காதது, எல்லாம். இவர் முகம் சிவந்துவிட்டது, போனை எடுத்தார். "முழுசாக் கேளுங்க, அந்த எண்ணு நான் எழுதுனது" என்றேன். "வாப்பா வண்டி நம்பரா?" என்று ரெண்டு முறை கேட்டார். சோறு பாதியில் இருக்க எழுந்து கை கழுவினார். வெகுநேரம் கழித்து வந்து, நான் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றார். அந்த எண்ணை அன்று நான் எழுதாமல் இருந்திருந்தால் கண்டுபிடிக்க வேண்டியே வந்திருக்காது என்றேன்.

மறுநாள் காலையில் உங்கள் முதலாளிக்கு மெயில் போனது. உன்னைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, புது ரிப்போர்ட் மட்டும் கேட்டிருக்கிறார். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எஞ்சினியரும் பேசினார். ஃபுட்டிங் வேண்டாம், அண்டர்-ரீம்டு பைல் போடலாம், கான்கிரீட் தூண்களைக் களியைத் தாண்டி மொரம்புக்குள் இறக்கி அடியில் குடம் மாதிரி விரித்துவிடலாம் என்றார். பன்னிரண்டாம் தேதி தள்ளிப்போய்விட்டது. மாமாவுக்கு இவர்தான் சொன்னார். மாமா கோபப்படவில்லையாம். "அந்தப் புள்ள எங்கிட்ட ஏன் பத்தலைன்னு சொல்லுச்சு?" என்று மட்டும் கேட்டாராம். அதை உனக்கு எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். எழுதிவிட்டேன்.

ஆவூர் விஷயம். மணி, நான் சொல்வதைக் கேள். அங்கே வீடு கட்டிக் குடிவந்துவிட்டார்கள். அடித்தளத்தை இனிமேல் தோண்டி மாற்றவா முடியும்? நீ போய்ச் சொன்னால் அந்த மனிதர் நிம்மதி போகும், உன் வேலை போகும், வேறு எதுவும் நடக்காது. நம் விஷயம் நல்லபடியாக முடிந்துவிட்டது. இத்தோடு விட்டுவிடு.

ஹுமா


உ
புதுக்கோட்டை
2 செப்டம்பர் 2025

ஹுமா,

புது ரிப்போர்ட்டில் சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். உங்கள் எஞ்சினியருக்குப் போய்விட்டது.

ஆவூர் பற்றி நீ எழுதிய நாலு வரியைப் படித்தேன். மறுபடியும் "இருபத்தி நாலு மணி நேரம் சார்" என்கிறாய். உன் வீட்டுக்கு அடியில் என்றால் நாலு முறை படிக்கிறாய், இன்னாசி வீட்டுக்கு அடியில் என்றால் விட்டுவிடு. நீ மாறுவாய் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

சாரிடம் ஆவூர் கதையையும் சொல்லிவிட்டேன். அங்கே போகக் கூடாது, போனால் திரும்பி லேபுக்கு வர வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

ம.


உ
புதுக்கோட்டை
9 செப்டம்பர் 2025

ஹுமா,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. பரவாயில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், இந்த எண்களைத் தெரிந்த வேறு ஆள் எனக்கு இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து கோயிலிலிருந்து ஜனம் வரும்போது ஆவூரில் இறங்கினேன். இன்னாசி வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. சமையல்கட்டு மூலையில் ஜன்னலிலிருந்து தரை வரை படிக்கட்டு மாதிரி விரிசல், தெருவிலிருந்தே தெரிந்தது. அதன்மேல் மூன்று விதச் சிமெண்டுப் பூச்சு, ஒன்றின்மேல் ஒன்று. பாத்திரம் கழுவும் தண்ணீர் அந்த மூலையிலேயே விழுந்து ஊறிக்கொண்டிருந்தது.

நான் லேபிலிருந்து வருகிறேன் என்றதும் உட்காரவைத்தார். நல்ல உயரம், சத்தமான குரல். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். "வாங்க, இதப் பாருங்க. சித்திரையில வாயத் தொறக்குது, கார்த்திகையில மூடிக்கிது. மூணு தரம் பூசியாச்சு." வீடு கட்டியது யார் என்று கேட்டேன். அவருடைய சொந்தத் தம்பி. கொத்தனார், எதிர்த்தெரு. வேலை தெரியாத பயல், அண்ணன் வீட்டிலேயே கலவையைக் குறைத்துவிட்டான் என்று ஊரறியப் பேசியிருக்கிறார். பதினாலு மாசமாக ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஈஸ்டருக்குக்கூட இங்கே ஓர் உலை, அங்கே ஓர் உலை.

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. நீ சொன்னது சரி, அடித்தளத்தை மாற்ற முடியாது. வந்ததற்கு ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, சுற்றிலும் நாலடிக்குக் கான்கிரீட் தளம் போடுங்கள், தண்ணீரைத் தள்ளி விடுங்கள் என்று வேலையை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பத்தவில்லை என்று உன் மாமனாரிடம் சொன்னேனே, அது மாதிரி ஏதாவது ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

அவரிடம் கடப்பாரை வாங்கி விரிசலுக்குப் பக்கத்தில் ரெண்டடி தோண்டிக் களியை எடுத்து அவர் கையில் வைத்தேன். பிறகு சொன்னேன். உங்கள் மண்ணை நான் சோதிக்கவில்லை, வேறெங்கோ எழுதிய எண்களைப் போட்டு நல்ல மண் என்று கையெழுத்துப் போட்டேன் என்றேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். களியை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப கலவையில கொறையில்லயா?"

"இல்லைங்க."

"பூச்சுல?"

"அதுலயும் இல்லைங்க. மண்ணு உப்பித் தூக்குது, காஞ்சா விட்டுருது. யாரு பூசுனாலும் நிக்காது. இத நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

அவர் கையைக் கழுவவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டார். "நீயும் வாம்மா. நான் சொன்னா நம்ப மாட்டான்" என்று முன்னால் நடந்தார். தம்பி வீட்டில் கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே போகவில்லை. தம்பி வெளியே வந்து எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார்.

"ஒன் வேலையில ஒண்ணும் இல்லடா," என்றார் இன்னாசி. கையிலிருந்த களியை நீட்டினார்.

தம்பி அதை வாங்கிப் பார்த்தார். கொத்தனாருக்குப் பார்த்ததும் தெரியாதா? பிறகு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இத ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே சொல்லிருக்கலாமேம்மா." ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் மனைவி உள்ளேயிருந்து மூன்று நாற்காலி கொண்டுவந்து போட்டார். அண்ணனும் தம்பியும் உட்கார்ந்தார்கள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை சாரிடம் போய் நானே சொன்னேன். வாயால் சொன்னபடியே செய்தார், இந்த மாசத்தோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். டிராயரைக் காலி செய்யும்போது நம் ரெக்கார்டு இருந்தது. இந்தத் தடவையும் தூக்கிப் போடவில்லை. மூன்றாம் டப்பா, நாலாம் டப்பா ரெண்டு எண்ணையும் ஒரு கோடு போட்டு அடித்துவைத்தேன். பக்கத்தில் எழுத என்னிடம் எண் இல்லை, அந்த மண்ணை நாம் காயவைக்கவே இல்லையே.

மணி


786
ஷார்ஜா
12 செப்டம்பர் 2025

மணி,

இன்று எங்கள் வீட்டுக்குக் கான்கிரீட் போட்டிருக்க வேண்டிய வெள்ளிக்கிழமை. அறந்தாங்கியில் காலையில் மழையாம். மாமா மனைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு, தோண்டிவைத்த குழியில் தண்ணீர் நிற்கிறது, வற்றவே இல்லை என்று இவரிடம் சொன்னார். அப்புறம் என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். அடுத்த மாசம் பைல் இறக்கும்போது உன்னை வரச் சொல்ல வேண்டுமாம். "இந்தத் தடவ நான் பக்கத்துலயே நிப்பேன்னு சொல்லு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்கள் எஞ்சினியருக்கு சைட்டில் ஆள் வேண்டுமாம், உன் பெயரை மாமாவே சொல்லியிருக்கிறார். போவதும் போகாததும் உன் இஷ்டம்.

உன் ரெண்டாம் தேதிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் என் பக்கத்து நியாயம்தான் இருந்தது. ஆவூர்க் கடிதத்தைப் படித்த பிறகு மூன்றையும் எடுத்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. ஒரு வீட்டுச் சுவரில் விரிசல் விடும் என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். என் வாப்பா வண்டி நம்பர் அண்ணன் தம்பி ரெண்டு பேரை ஈஸ்டருக்குத் தனித்தனியாக உட்காரவைக்கும் என்று எனக்குத் தெரியாது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று வைவாவில் நீ உள்ளே இருந்தபோது நான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். எக்ஸ்டர்னல் கேட்ட கேள்வியும் கேட்டது, நீ சொன்னதும் கேட்டது, ரெக்கார்டைத் தள்ளிய சத்தமும் கேட்டது. நீ வெளியே வந்து என்னைப் பார்க்காமல் போனாய். அடுத்த அரை மணி நேரமும் நான் யோசித்தது உன்னைப் பற்றி இல்லை, எனக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான். உள்ளே போய் இருபத்தி நாலு என்று சத்தமாகச் சொன்னேன். அவர் என் வரைபடம் அழகாக இருக்கிறது என்றார்.

அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ, பெயர்கூட எனக்கு நினைவில்லை. அந்தக் கேள்வியை இப்போது என்னிடம் கேட்கக்கூடியவள் நீ ஒருத்திதான். உன் டிராயர் நோட்டை எடு. இருபத்தி நாலு மணி நேரம் என்று நான் சொன்னதை எழுதி, ஒரு கோடு போட்டு அடித்துவிடு. பக்கத்தில் என் பெயர் போட்டு இதை எழுதிக்கொள்:

வைக்கவே இல்லை, சார். கரண்ட் இல்லை. எண்களை எழுதியது நான். மணி வேண்டாம் என்று சொன்னாள்.

ஹுமா